பித்தளையில் ஒரு கார்டு வண்டி

அவன் சாமானைத் தொட்டா அவனுக்குப் பிடிக்காது, அதுக்குத்தான் தொட்டேன். வேற ஒரு காரணமும் இல்ல. சாப்பிட்ட தட்டையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு, மேஜை மேல பழைய போர்வையை மடிச்சுப் போட்டு, அதுமேல சப்பாத்திப் பலகையை வெச்சு, நேத்து அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அலமாரியிலேர்ந்து தூக்கிட்டு வந்த பெட்டியைப் பிரிச்சுட்டேன். டேப்பை மெதுவாவும் எடுக்கலாம், நான் சர்ருன்னு இழுத்தேன், ரூம் கதவைப் பார்த்துக்கிட்டே. கேட்டிருக்கும். இந்த வீட்ல கரண்டி விழுந்தா கீழ் வீட்டு மெர்சி என்னக்கா விழுந்துச்சுன்னு கேப்பா, பக்கத்து ரூம்ல இருக்கறவனுக்குக் கேக்காதா. வருவான். வந்து, அம்மா உனக்கு அறிவிருக்கா, யாரைக் கேட்டு எடுத்தேன்னு கத்துவான். கத்தட்டும். நானும் கத்துவேன், எனக்கா தெரியாது. அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் பேசாம இருப்போம், அந்தப் பேசாம இருக்கறது வேற, அதுல உசுரு இருக்கும். இப்ப இவன் பேசாம இருக்கறது வேற. கதவு அசையல. பெட்டிக்குள்ள பித்தளைத் தகடு தகடா இருக்கு, அப்பளக் கட்டு மாதிரி நடுவுல பேப்பர் வெச்சு அடுக்கி. ஒரு கவர்ல சக்கரம், ஒரு கவர்ல தலைமுடி கனத்துக்குக் கம்பி. மேல படம். கூட்ஸ் வண்டி கடைசியில தொங்குமே, கார்டு நிக்கிற பெட்டி, ரெண்டு பக்கமும் வராண்டா வெச்சு, அதோட பொம்மை, நாமதான் துண்டு துண்டா ஒட்டிச் சேர்க்கணும். முதல் சம்பளத்துல இங்கிலாந்துலேர்ந்து வரவழைச்சான். எனக்கு ஒரு புடவை, அவங்கப்பாவுக்கு ஒரு வாட்ச், அவனுக்கு இது. எப்படா பண்ணப் போறேன்னு கேட்டா, லீவு கிடைக்கட்டும்மா, நிதானமா பண்ணணும், அவசரப்பட்டா பாழாயிடும்னான். இப்ப லீவுதான். ஆடியிலேர்ந்து லீவு, கார்த்திகை வந்துடுச்சு, அந்தப் பெட்டி மேல தூசிதான் ஏறுது.

அவரு கிளம்பிட்டாரு. இன்னைக்குக் காரணம் செருப்பு, தைக்கக் குடுத்தேன், வாங்கிட்டு வந்துடறேன் வனஜான்னாரு. போன ஞாயித்துக்கிழமை குடை. அதுக்கு முன்னாடி யாரோ டிப்போவுல கூட வேலை பார்த்தவருக்கு உடம்பு சரியில்ல. ஞாயித்துக்கிழமை ஆனா இந்த மனுஷனுக்கு ஊர்ல இருக்கற வேலையெல்லாம் ஞாபகம் வந்துடும். ஏதாவதுன்னா போன் பண்ணுன்னு வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாரு. ஏதாவதுன்னா. என்ன ஏதாவது, அதைச் சொல்றதுக்கு அவருக்கும் வாய் வராது, எனக்கும் வராது. எங்கயாவது பார்க் பெஞ்சுல உக்காந்து கர்ச்சீப்பால கண்ணைத் துடைச்சுட்டு, பஸ் பிடிச்சு வருவாரு. ரயில்ல போறதையே விட்டுட்டாரு, வீட்டுக்குப் பின்னாடி ஸ்டேஷன வெச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போறாரு. அழறதுக்காவது அவருக்கு இடம் இருக்கு, நான் எங்க போறது. நான் போயிட்டா இங்க யாரு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கறது. ஃபேன் ஓடுது. கட்டில் ஒரு தடவை கிரீச்சுன்னுச்சு, திரும்பிப் படுத்திருக்கான். நல்லது. திரும்பிப் படுத்தா சந்தோஷம், எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாரு. ஈயத்தை உருக்கி ஒட்டற சோல்டரிங் அயர்னை பிளக்ல சொருகினேன். இதுவும் அவன்துதான், அவன் மேஜை டிராயர்ல இருந்துச்சு, புத்தம் புதுசு.

அசிஸ்டென்ட் லோகோ பைலட்னு சொல்லணும், டிரைவர்னு சொன்னா திருத்துவான். திருத்தட்டும்னே நான் எல்லார்கிட்டயும் எம்பையன் ரயில் ஓட்டறான்னு சொல்லுவேன். பாலகுரு சார்தான் டிரைவர், இவன் பக்கத்துல உக்காந்து சிக்னலைப் பார்த்துச் சொல்லணும், பச்சைன்னு இவன் சொன்னா பச்சைன்னு அவரும் திருப்பிச் சொல்லணும், அப்படித்தான் அவங்க வழக்கம், ரெண்டு பேரும் தூங்காம இருக்கறதுக்கு. வீட்லயும் அதே கூத்து. நான் குக்கரை இறக்கினா சமையக்கட்டு வாசல்ல நின்னு பச்சைம்பான், நானும் பச்சைன்னு சொன்னாதான் தட்டை எடுத்துட்டு வருவான். போடா கிறுக்கான்னு திட்டிட்டு, பச்சைன்னும் சொல்லுவேன். ஆடி மாசத்துல ஒரு நாள், அரக்கோணம் தாண்டி ஏதோ ஒரு ரயில்வே கேட்டுக்கிட்ட, ஒரு பொம்பளை வந்து தண்டவாளத்துல நின்னுட்டா. நிறுத்தினா நிக்கிற வண்டியா அது. அதுபாட்டுக்குப் போய்த்தான் நின்னுச்சு. அதுக்கப்புறம் என்னன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது, பாலகுரு சார் சொன்னதுதான். அசிஸ்டென்ட்தான் இறங்கிப் போய்ப் பார்க்கணுமாம். பார்த்துட்டு வந்து சொல்லணுமாம். சொல்லிட்டு, ஏறி உக்காந்து, வண்டியை ஜோலார்பேட்டை வரைக்கும் கொண்டு போய்ச் சேர்க்கணுமாம். நடுவழியில விட்டுட்டு வர முடியாதும்மா, பின்னாடி வண்டியெல்லாம் நிக்குதுல்லன்னாரு. அதுவும் சரிதான். மறுநாள் காலையில வீட்டுக்கு வந்தான், தலைக்குக் குளிச்சான், இட்லி சாப்பிட்டான், சட்னி நல்லா இருக்கும்மான்னான். ஷூவைக் கழுவி மாடியில காய வெச்சிருந்தான். ஏன்டா, அந்தப் பக்கம் மழையான்னு கேட்டேன். ஆமாம்மான்னான். நான் அதை நம்பிட்டு, இங்க ஒரு பொட்டு மழை இல்ல, வெயில் கொளுத்துதுன்னு மெர்சிகிட்ட புலம்பிட்டு இருந்தேன். பெத்தவளுக்குத் தெரியாதா, தெரியும்பாங்க. ஒரு மண்ணும் தெரியாது.

பாலகுரு சார் ஆப்பிளோட வந்தாரு. எங்க எல்லாருக்கும் நடக்கறதுதாம்மா, எனக்கு இதுவரைக்கும் எத்தனையோ, முதல் தடவை அப்படித்தான் இருக்கும், ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுத்திப் போட்டுட்டு அடுத்த டூட்டிக்கு ஏத்தி விட்டுடுங்க, தன்னால சரியாயிடுவான்னாரு. சுத்திப் போட்டேன். அடுத்த டூட்டிக்கும் போனான். பாதியில பச்சைன்னு சொல்ல வாய் வரலையாம், சிக்னல் வருது, இவன் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கானாம், தயா, தயான்னு இவரு கூப்பிடக் கூப்பிட. கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போனாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ரூம், கட்டில், ஃபேன். டாக்டர் மாத்திரை குடுத்தாரு, மாத்திரை வேலை செய்யும், ஆனா உங்க பையனே வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லணும்மா, நீங்க துருவித் துருவிக் கேக்காதீங்க, சொன்னா பாதி பாரம் இறங்கிடும்னாரு. கேக்கவும் கூடாது, அவனாவும் சொல்லணும். நல்ல வைத்தியம். சாப்டியாடா, சாப்டேன். தூங்கினியாடா, தூங்கினேன். லாட்ஜுல தங்கியிருக்கறவன் மாதிரி மரியாதையா பதில் சொல்றான். வேலை போனா போகட்டும், யாரு கேட்டா வேலையை. ரூம் தாழ்ப்பாளை நான்தான் கழட்டினேன், உள்பக்கத் தாழ்ப்பாளை, அவன் பாத்ரூம்ல இருந்தப்ப. ஸ்க்ரூ துருப்பிடிச்சு வரமாட்டேன்னுச்சு, முட்டி போட்டுத் திருகித் திருகி உள்ளங்கையில தோல் போயிடுச்சு. அவன் வந்து பார்த்தான். தாழ்ப்பாள் இருந்த இடத்துல ஓட்டை மட்டும் இருக்கு. ஏம்மா எடுத்தேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நான் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். அவன் கேக்கல, ஏன்னா எதுக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த நினைப்பை இப்ப நினைக்க வேணாம். தகட்டைப் பாரு வனஜா.

சூடு ஏறிடுச்சு. டிவி கம்பெனியில லைன்ல உக்காந்து சோல்டர் வெச்சவ நான், கிண்டியில, கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியும், கம்பெனியை மூடற வரைக்கும். எங்க சூப்பர்வைசர் என் போர்டை எடுத்துக் காட்டி மத்த பொண்ணுங்களைத் திட்டுவாரு, அவளுங்க சாப்பாட்டு டைம்ல என்னைத் திட்டுவாளுங்க. ஒவ்வொரு புள்ளியும் மல்லிமொட்டு மாதிரி வரும் எனக்கு. இந்தத் திமிரோடதான் இன்னைக்கு உக்காந்தேன், ஒத்துக்கறேன். படிக்கட்டுத் துண்டை பிளேடால வெட்டி எடுத்து, ஓரத்தை உரசி, ஈயம் பிடிக்கறதுக்கு ஃப்ளக்ஸ் பசை தடவி, ஈயத்தை வெச்சா, ஈயம் உருளுது. ஒட்டவே இல்ல. போர்டுன்னா புள்ளி மட்டும் சூடாகும், இது முழுத் தகடும் சூட்டைக் குடிக்குது, எவ்வளவு குடுத்தாலும் குடிச்சுட்டு சும்மா கெடக்குது. வெச்சுக்கிட்டே இருந்தேன், விரல் சுட்டுச்சு, எடுக்கல, அப்புறம் திடீர்னு ஒரு நேரத்துல ஈயம் இளகி, சந்து முழுக்க ஓடிப் போய் உக்காந்துச்சு. அடடான்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். சொன்னதும் கதவைப் பார்த்தேன். பையன் உள்ள அப்படிக் கெடக்கறான், நீ இங்க அடடாங்கறியா. ஆனா என்ன பண்றது, கைக்கு அது தெரியலையே. கைக்கு வேலை கிடைச்சா அது சந்தோஷப்பட்டுடுது. ரெண்டாவது படி, மூணாவது படி. வராண்டா கைப்பிடிக் கம்பியை ஓட்டையில விட்டு வளைச்சேன், மூச்சு விடாம. மூக்குக்கண்ணாடி இறங்கி இறங்கி வருது. பாழாக்கணும்னுதான் எடுத்தேன், அவன் வந்து பார்த்து அய்யோன்னு பிடுங்கணும்னு, இப்ப என்னடான்னா நேரா வந்திருக்கான்னு தூக்கிப் பிடிச்சு வெளிச்சத்துல பாக்கறேன். நேராத்தான் வந்திருக்கு. பாவி, வெளியில வந்து பாரேன்டா, உங்கம்மா எப்படி வெச்சிருக்கான்னு.

இந்தக் கடைசிப் பெட்டியில இருக்கற ஆளுக்கு முன்னாடி நடக்கறது ஒண்ணும் தெரியாதாம். அவன்தான் சொன்னான் ஒரு தடவை. எஞ்சினுக்கும் கார்டுக்கும் நடுவுல அரை கிலோமீட்டர் பெட்டி இருக்கும்மா, திடீர்னு வண்டி நின்னா அவரு வாக்கிடாக்கில என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு, எங்களுக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காதுன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். இப்ப நான்தான் அந்த ஆள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு, என்ன ஆச்சு. யாரோ அழைப்புமணி அடிச்சாங்க, கையில இருந்த துண்டு போர்வையில விழுந்துடுச்சு. மெர்சி. கதவை ஒருக்களிச்சுத் திறந்தேன்.

"என்னக்கா ஏதோ தீயற வாசனை வருது? ஒயரா?"

"ஒயரெல்லாம் இல்ல. ஃப்ளக்ஸ். சோல்டர் வெக்கறேன்."

"எதுக்கு? மிக்ஸி போயிடுச்சா?" என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தா. மேஜையைப் பார்த்தா, படத்தைப் பார்த்தா. குரலை இறக்கிட்டா. "ரயில் பொம்மையாக்கா? இந்த நேரத்துலயா? அதைப் பார்த்தா தம்பிக்கு இன்னும்..."

"இன்னும் என்ன ஆயிடும்? சொல்லு."

"இல்லக்கா. நான் ஜெபத்துல சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

"சொல்லு. என் பேரையும் சேர்த்துச் சொல்லு," ன்னு கதவைச் சாத்திட்டேன். கோவிச்சுக்குவா. கோவிச்சுக்கட்டும், சாயங்காலம் இறங்கிப் போய் ரெண்டு வார்த்தை பேசினா சரியாயிடுவா. ஆனா அவ சொன்னது போய் மாட்டிக்கிச்சு. அதைப் பார்த்தா இன்னும். யாரும் ரயிலைப் பத்திப் பேசாதீங்கன்னு அவரு வீட்ல சட்டமே போட்டிருக்காரு, டிவியில ரயில் வந்தா சேனலை மாத்தறாரு, நான் போய் ரயிலையே எடுத்து சாப்பாட்டு மேஜை நடுவுல வெச்சிருக்கேன். கோபம் வரும்னுதானே நினைச்சேன். கோபம் வராம வேற ஏதாவது வந்துட்டா? டாக்டர்கிட்ட கேட்டியா நீ? உன் இஷ்டத்துக்குப் பண்றே. எல்லாம் உன் இஷ்டம். எழுந்து ரூம் கதவுக்கிட்ட போனேன், காதை வெச்சேன். ஃபேன் சத்தத்துல ஒண்ணும் தெரியல. மூச்சு கேக்குதான்னு பார்த்தேன், என் மூச்சுதான் கேக்குது. தள்ளினா திறந்துக்கும், தாழ்ப்பாள் இல்ல, தள்ளிப் பாக்கலாம். தள்ளினா, என்னம்மான்னு கேப்பான், ஒண்ணுமில்லடான்னு சொல்லணும், அவன் ஒரு பார்வை பார்ப்பான், என்னைப் பார்த்துப் பரிதாபப்படற பார்வை, அதை என்னால தாங்க முடியல. காலையில ஒரு தடவை ஆச்சு. நின்னேன். ஒரு இருமல் கேட்டுச்சு. போதும்னு வந்து உக்காந்துட்டேன். இருபத்தாறு வயசுப் பையன் இருமறதைக் காவல் காக்கறேன். குழந்தையில வீசிங் வந்தப்ப நெஞ்சு மேல கை வெச்சுக்கிட்டே தூங்குவேன், ஏறி இறங்குதான்னு. அப்ப கை வெக்க விட்டான்.

பெரிய தகடுதான் பாக்கி, உடம்பு. ஒரே தகட்டுல ரெண்டு பக்கச் சுவரும் தலைமாட்டுச் சுவரும், மடிச்சாப் பெட்டி. ஒரு பக்கம் மரப்பலகை போட்ட மாதிரி கோடு கோடா, ஆணித்தலை கூட இருக்கு, கண்ணை இடுக்கினாத்தான் தெரியுது, எவன் பண்ணானோ, கை எடுத்துக் கும்பிடணும். இன்னொரு பக்கம் வழவழன்னு, அதுல மடிக்கற இடத்துக்கு மட்டும் பள்ளமா ஒரு கோடு. கூட ஒரு பேப்பர் இருக்கு, எல்லாம் இங்கிலீஷ், நான் எட்டாவது வரைக்கும் படிச்ச இங்கிலீஷ்ல படத்தை மட்டும் பார்த்தேன். இதுக்கு எதுக்குப் பேப்பர். டிவி கம்பெனி மூடினப்புறம் நானும் மெர்சியும் பத்து வருஷம் ஸ்வீட் பாக்ஸ் மடிச்சோம், தீபாவளி சீசன்ல வீடு முழுக்க அட்டைதான், தயா அந்த அட்டைக்கு நடுவுல உக்காந்துதான் பரீட்சைக்குப் படிச்சான். கண்ணை மூடிக்கிட்டு மடிப்பேன். அட்டையில பள்ளக்கோடு இருக்கும், பள்ளம் வெளிப்பக்கம் வரணும், அப்பத்தான் மூலை நிக்கும், உள்பக்கமா மடிச்சா விரிஞ்சுக்கும், கடைக்காரர் திருப்பி அனுப்பிடுவாரு. ரெண்டு இரும்பு ஸ்கேலுக்கு நடுவுல தகட்டை வெச்சு, மேஜை ஓரத்துல அழுத்திப் பிடிச்சு, மரக்கட்டையை வெச்சு மொத்தமா ஒரே தள்ளுத் தள்ளணும், விட்டு விட்டுத் தள்ளினாக் கோணிக்கும், அது எனக்கே தெரியும். எழுந்து நின்னேன். உடம்பு பாரம் முழுக்கக் கட்டை மேல போட்டுத் தள்ளினேன். தகடு அசையல, அப்புறம் அசைஞ்சுது. பாதி வளையறப்ப பாக்கறேன், பலகைக் கோடு உள்பக்கம் போகுது. ஆணித்தலையெல்லாம் உள்ள போகுது. வழவழ பக்கம் வெளியில வருது. தப்புன்னு தெரிஞ்சு போச்சு, அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு, நிறுத்துடின்னு எனக்குள்ள நானே கத்தறேன், கட்டை போய்க்கிட்டே இருக்கு. முழுசா மடிஞ்சு மேஜையில இடிச்சுத்தான் நின்னுச்சு.

திருப்பி மடிக்கலாமான்னு நகத்தை வெச்சுப் பார்த்தேன். பள்ளத்துல ஏற்கனவே தகடு பாதிக் கனம்தான், இப்ப அந்த இடத்துல முடி மாதிரி ஒரு விரிசல். திருப்பினா ரெண்டாப் போயிடும். அட்டையில்லடி இது, இதுல பள்ளம் உள்பக்கம் போகணும். எல்லாத்தையும் ஸ்வீட் பாக்ஸுன்னு நினைச்சியா. பாழாக்கத்தானே உக்காந்தே, பாழாயிடுச்சு, சந்தோஷமான்னு கேட்டுக்கிட்டேன். சந்தோஷம் இல்ல. நான் நினைச்ச பாழ் வேற, ஏதோ ஒரு துண்டைக் கோணலா ஒட்டி வெச்சு, அவன் வந்து கத்திட்டுப் பிரிச்சு ஒட்டற பாழ். இது அப்படி இல்ல. இது போயிடுச்சு. இன்னொண்ணு வரவழைக்கலாம், யாரு வரவழைக்கறது, அவனா? அவன் ஆசைப்பட்டு வாங்கினது இந்த உலகத்துல இது ஒண்ணுதான் இருந்துச்சு, அலமாரியில தூசியோடயாவது முழுசா இருந்துச்சு. அதையும் நான் எடுத்து முடிச்சு வெச்சுட்டேன். அவன் பாட்டுக்குப் படுத்துக்கிட்டு, எழுந்தா ஒரு நாள் அதைப் பண்ணலாம்னு ஒரு ஓரத்துல நினைச்சுக்கிட்டு இருந்தான்னா? அந்த ஒரு நினைப்புலதான் இத்தனை நாள் இருமிக்கிட்டாவது கெடந்தான்னா? இப்ப இதைப் பார்த்து, சரி, இதுவும் போச்சா, இனிமே என்னன்னு நினைச்சுட்டான்னா? அந்த நினைப்பு வந்துடுச்சு. வேணாம் வேணாம்னு தள்ளினது வந்து மேஜை மேலயே உக்காந்துடுச்சு. என் பையன் செத்துப் போயிடுவானோன்னு எனக்குப் பயமா இருக்கு. தினமும் இருக்கு, நிமிஷத்துக்கு நிமிஷம் இருக்கு, பால் காய்ச்சறப்ப இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. போர்வையை எடுத்து அது மேல மூடினேன். மூடிட்டு, அதுமேல கையையும் வெச்சுக்கிட்டேன்.

கதவு திறந்துச்சு. தண்ணி பாட்டிலோட வந்தான். தாடியும் அழுக்கு பனியனும். என்னைப் பார்த்தான், அயர்ன்லேர்ந்து புகை வர்றதைப் பார்த்தான், காலிப் பெட்டியைப் பார்த்தான். நான் கையை எடுக்கல. அவனே வந்து போர்வையை விலக்கினான். அந்தத் தகட்டை எடுத்துக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், விரிசல் மேல கட்டைவிரலை ஓட்டினான். இப்ப கத்துவான். கத்துடா. பிளீஸ்டா.

"பரவால்லம்மா. விடு," ன்னு கீழ வெச்சுட்டான்.

"என்ன பரவால்ல? உள்பக்கம் வெளியில வந்திருக்கு. முழுசும் பாழ். திட்டுடா என்னை."

"எதுக்குத் திட்டணும். தெரியாமப் பண்ணிட்டே." சமையக்கட்டுப் பக்கம் திரும்பிட்டான். இவ்வளவுதான். இதுக்குத்தான் இவ்வளவும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா முட்டிக்கிட்டு வந்துச்சு, அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"தெரியாமல்லாம் இல்ல. பாதியிலயே தெரிஞ்சுது."

நின்னுட்டான். திரும்பல.

"பாதியிலன்னா?"

"பாதி மடியறப்பவே. பலகைக் கோடெல்லாம் உள்ள போறதைக் கண்ணால பார்த்தேன்."

"அப்ப ஏம்மா நிறுத்தல?"

"நிறுத்தத்தான்டா பார்த்தேன். பாரத்தை முழுக்க அதுமேல போட்டுட்டேன், அதுக்கப்புறம் எங்க நிறுத்தறது. தப்பு தப்புன்னு பார்த்துக்கிட்டேதான் நின்னேன். முடிஞ்சு போச்சு."

நான் எதையும் மனசுல வெச்சுச் சொல்லல, சத்தியமா சொல்லல, தகட்டைப் பத்தித்தான் சொன்னேன். அவன் திரும்பினான். அவங்கப்பா உக்கார்ற நாற்காலியை இழுத்து எதிர்ல உக்காந்தான். பாட்டிலை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தான், காலி பாட்டில், அவன் அழுத்தற அழுத்தத்துல சடசடன்னு நெளியுது.

"சார் பிரேக்கை முழுசாப் போட்டுட்டாரும்மா. நான் ஹாரன்லேர்ந்து கையை எடுக்கவே இல்ல. ரொம்ப நேரம் இருந்துச்சும்மா. ஒரு செகண்டுல முடிஞ்சுடும்னு எல்லாரும் நினைக்கறாங்க. இல்ல. போய்க்கிட்டே இருந்தோம். அவங்க செருப்பைக் கழட்டி கல்லு மேல ஜோடியா வெச்சிருந்தாங்க, அதைப் பாக்கற அளவுக்கு நேரம் இருந்துச்சு. நிக்கும் நிக்கும்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், சார் கிட்டயா, அவங்க கிட்டயான்னு தெரியல. உன் வயசு இருக்கும்மா அவங்களுக்கு."

மூக்கை ஒழுக விட்டுட்டுப் பேசறான். பேசறான். எத்தனை கோயில் ஏறினேன், ஒரு வார்த்தை பேசட்டும்னு எத்தனை வேண்டுதல், இப்ப அவன் பேசறான், எனக்குக் காதைப் பொத்திக்கணும் போல இருக்கு. அந்தப் பொம்பளை என் மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கறா. அவ வீட்லயும் யாராவது அவ ரூம் கதவுல காதை வெச்சிருந்தாங்களா. தாழ்ப்பாளைக் கழட்டினாங்களா. என்ன பண்ணியும் நிக்கலையா. இவன் கையைப் பிடிக்கலாம்னு பார்த்தா என் கைக்கு மேஜையைத் தாண்டத் தெம்பு இல்ல. உன் மேல தப்பில்லடான்னு சொல்லலாம், எல்லாரும் சொல்லிட்டாங்க, அது அவனுக்குத் தெரியாதா. வண்டி நின்னப்புறம் நடந்தது இன்னும் இருக்கு, அது எனக்குத் தெரியும், அவன் அதைத்தான் எடுக்கப் போறான், அதுக்குத்தான் மூச்சு வாங்கறான்.

"அப்புறம் நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன்லம்மா," ன்னான்.

போதும்டா, வேணாம்டான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

"ம். சொல்லு," ன்னேன்.